தரையில் பட்ட பந்து

சேலத்துக் கல்லூரி அணி எங்களோடு ஆடிப் பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி சேலத்தில் தொடங்க இன்னும் நாள் இருந்தது. அதற்குள் பையன்களுக்குக் கை பழகட்டும் என்று இரண்டு கல்லூரி விளையாட்டு ஆசிரியர்களும் பேசி ஏற்பாடு செய்த ஆட்டம். அறுபதுகளின் கடைசி. எங்கள் கல்லூரி தர்மபுரிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கட்டடத்தில் சுண்ணாம்பு வாடை போவதற்குள் எங்களுக்கு ஒரு கூடைப்பந்து அணி முளைத்துவிட்டது. நான் அதற்குக் கேப்டன்.

கேப்டன் என்றதும் ஆட்டத்தில் புலி என்று எண்ணிவிட வேண்டாம். நான் கேப்டன் ஆன காரணம் வேறு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்களில் ஒருவனும் கல்லூரிக்கு வருமுன் அந்தப் பந்தைத் தொட்டதில்லை. எல்லாம் சடுகுடு ஆடிய கால்கள். முதல் நாள் பயிற்சியில் ஒருவன், பந்தோடு ஓடியவனின் காலைக் கவ்விக் கீழே சாய்த்துவிட்டு, “அவுட்டு சார்” என்று எழுந்து நின்றான். எங்கள் விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மெட்ராஸ் பக்கத்து ஆள். எங்களைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். இந்த ஊரில் கூடைப்பந்தை வளர்த்துக் காட்டுகிறேன் என்று பிரின்சிபாலிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்.

அவருக்குக் கிடைத்த இரண்டு முத்துகள் கடத்தூருக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பையன்கள். ஒருவன் ஆறடிக்கு மேல். நாங்கள் அவனை நெட்டை என்போம். கூடைக்கு அடியில் நின்று கையை நீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். இன்னொருவன் குட்டை. அப்படியொன்றும் குட்டையில்லை, நெட்டை பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர். தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுவதில் அவனை அடிக்க ஆளில்லை. மாங்காய் அடித்துப் பழகிய கை. இருவரும் அண்ணன் தம்பி மக்கள். நெட்டையின் அப்பா மூத்தவர், குட்டையின் அப்பா இளையவர்.

ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பொதுக் கிணறு, அதில் பொது மோட்டார். யார் முறையில் யார் தண்ணீரைத் திருப்பினார்கள் என்று ஆரம்பித்த சண்டை கோயில் வரைக்கும் போய், அண்ணனும் தம்பியும் சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். நாங்களும் எங்கள் பிள்ளைகளும் இனிமேல் கைக்குக் கை எதையும் கொடுக்க மாட்டோம், வாங்க மாட்டோம் என்று. நல்லது கெட்டது இல்லை, நெருப்பு தண்ணி இல்லை. பையன்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் கல்லூரிக்கு வருவார்கள். ஒருவன் டிரைவர் பக்கம், ஒருவன் கடைசி சீட்டு.

கூடைப்பந்து என்பதோ கைக்குக் கை கொடுத்து வாங்கும் விளையாட்டு.

அங்கேதான் நான் வந்தேன். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தர்மபுரி கடைவீதியில் தையல் கடை. அந்த இரண்டு வீட்டுக்கும் தீபாவளித் துணி அத்தாதான் தைப்பார். நான் இரண்டு பேருக்கும் பங்காளியும் இல்லை, பகையாளியும் இல்லை. பாய் வீட்டுப் பையன். யார் கொடுத்தாலும் வாங்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். ஆகவே நெட்டை எனக்குக் கொடுப்பான், நான் குட்டைக்குக் கொடுப்பேன். குட்டை எனக்குக் கொடுப்பான், நான் நெட்டைக்குக் கொடுப்பேன். எல்லாப் பந்தும் என் வழியாகவே போனதால் பி.டி. சார் என்னைக் கேப்டன் ஆக்கினார். அணியின் உயிர்நாடியே நான்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தா எங்கள் எல்லோருக்கும் பனியன் தைத்துக் கொடுத்தபோது, என் நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிதாக வெட்டி வைத்துத் தைத்தார்.

அந்தப் பெரிய நம்பர் சேலத்துக்காரர்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்துக்குள் அவர்களுடைய கேப்டன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கழுத்து வரை முடி வைத்த, வாய் ஓயாத பையன். இரண்டு பேரை என்மேல் ஏவிவிட்டான். நான் திரும்பிய பக்கமெல்லாம் கை. நெட்டை பந்தை வைத்துக்கொண்டு என்னைத் தேடுகிறான். குட்டை கூப்பிடு தூரத்தில் ஆளில்லாமல் வெறுமனே நிற்கிறான். நெட்டை அவனைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தோற்ற தோல்வியை வாய்விட்டுச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அந்தச் சேலத்துக் கேப்டன் என் தோளில் கை போட்டான்.

“உங்க நெட்டையன் நல்லா ஆடறாப்புல. அந்தக் குட்டையனும் நல்லா ஆடறாப்புல. நீங்க நடுவுல தபால்காரர் மாதிரிங்க. வாங்கறீங்க, குடுக்கறீங்க. உங்களுக்குன்னு ஒரு பந்துகூடக் கூடையில போடலியே” என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு மாதிரியான ஆள். யாராவது ஒரு சொல் சொன்னால் மாதக்கணக்கில் வயிற்றில் வைத்துக்கொண்டு அலைவேன். தபால்காரராம். உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் மட்டுமா, அதற்கு முந்தி ஆடிய எந்த ஆட்டத்திலும் நான் கூடையைப் பார்த்துப் பந்தை எறிந்ததே இல்லை. எரிச்சலுக்கு அதுதான் காரணம்.

மத்தியானம் பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிரின்சிபால் மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்தார்ப்பா. இவங்களை சேலத்துக்கு வேற அனுப்பணுமா, பேசாம சடுகுடுவே ஆடட்டும்னுட்டார். அடுத்த வாரத்துக்குள்ள பேரு அனுப்பணும். இந்த ரெண்டு பேரும் பந்தைக் கொடுத்து வாங்கினா நம்ம டீமை அடிக்க எவனும் இல்லை. இல்லேன்னா டீமே இல்லை. நான் சொல்லிப் பார்த்துட்டேன், என்னமோ சத்தியம்ங்கறானுங்க. நீ இந்த ஊர்க்காரன். நீயே முடிச்சு வை.”

எனக்கு அது கடைசி வருஷம். இந்தத் தடவை சேலம் போகாவிட்டால் என் கூடைப்பந்து அந்தத் தோல்வியோடு சரி. அந்தத் தபால்காரன் பட்டத்தோடுதான் கடையில் போய்ப் பட்டன் தைக்க உட்கார வேண்டும். அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பந்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடத்தூர் பஸ் ஏறினேன். பந்து கேப்டன் வீட்டில் இருப்பதுதான் வழக்கம். அதை எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. இதற்காகத்தான் கெஞ்சுகிறேன் என்று காட்டலாம் என்று நினைத்திருப்பேன். கடத்தூரில் இறங்கி நடந்து அவர்கள் காட்டுக்குப் போனபோது மூத்தவர் மோட்டார் ரூம் பக்கத்தில் நிலக்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அட, டெய்லர் பாய் பையனா? வாங்க தம்பி. அத்தா சௌக்கியங்களா?” என்று ஒரு கை பச்சைக் கடலையை என் மடியில் கொட்டினார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“சாமி முன்னால சொன்னதுல்லீங்களா? இதுக்கு ஆவும், அதுக்கு ஆவாதுன்னு பிரிக்க முடியுங்களா?”

“வெறும் பந்து விளையாட்டு மாமா.”

“பந்தா இருந்தா என்ன, பவுனா இருந்தா என்ன. கைக்குக் கை போனா போனதுதான். அதை மட்டும் கேக்காதீங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, கடலை மூட்டையாக் கட்டித் தாரேன்.”

கடலை மூட்டையை வைத்து நான் எந்தக் கூடையில் போடுவது? தொலியை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்து அவருடைய தண்ணீர் முறை முடிந்தது. மூத்தவர் எழுந்தார். மோட்டாரை நிறுத்தி ரூமைப் பூட்டினார். கிணற்று மேட்டில் ஒரு பலகைக் கல் கிடந்தது. அதன்மேல் சாவியை வைத்தார். வைத்துவிட்டு, வந்த வழியே நடந்து வேப்ப மரத்தடியில் போய் நின்றுகொண்டு, வேறெங்கோ பார்த்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கனைத்துக்கொண்டு வந்தார். குட்டையின் அப்பா. கல்லிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமைத் திறந்தார். தண்ணீர் மறுபடி பாய்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை.

நான் மூத்தவரிடம் ஓடினேன்.

“மாமா, இப்ப சாவி குடுத்தீங்களே.”

“யாரு குடுத்தது?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கல்லு மேல கெடந்துச்சு. எடுத்துக்கிட்டாங்க. நானா குடுத்தேன்?”

“அப்ப கீழ பட்டுட்டா குத்தமில்லீங்களா?”

“கீழ பட்டுட்டா அது பூமாதேவி குடுக்கறது தம்பி. அதுக்கு யாரு என்ன சொல்ல முடியும்? உப்பைக்கூட அப்புடித்தானே வெக்கறோம். வூட்டுல பொம்பளைங்க யாரும் உப்பைக் கையில குடுக்க மாட்டாங்களே, பாத்ததில்லியா?”

பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அம்மா உப்பைக் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வாள். பையிலிருந்து பந்தை எடுத்தேன். அவரை எட்ட நிற்கச் சொல்லி, நடுவில் தரையில் தட்டி அவர் பக்கம் அனுப்பினேன். பந்து மண்ணில் பட்டு எழும்பி அவர் வயிற்றில் போய் நின்றது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“பட்டிருக்குது” என்றார். “இப்புடிப் போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தம்பி. நல்லாப் பட்டுப் போவணும். பட்டும் படாம போறதெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன்.”

அங்கிருந்து வரப்பைத் தாண்டி இளையவரிடம் போனேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முதலில் கேட்டது, “அங்க என்ன சொன்னாங்க?” என்பதுதான்.

“ஒத்துக்கிட்டாருங்க.”

“அவரு ஒத்துக்கிட்டா நான் ஒத்துக்கணுமா?” என்று மடையைக் கொஞ்ச நேரம் சும்மாவே வெட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், “தரையில பட்டுதானே வரும்?” என்றார்.

“பட்டுதானுங்க வரும்.”

“அப்ப வரட்டும், போவட்டும். எம்பையன் ஆடறதை நான் ஏன் கெடுக்கறேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மீதிக் கடலையைத் தின்றுகொண்டு, உலகத்தையே வென்றவன் மாதிரி வந்தேன். பாதி வழியில்தான் ஒரு விஷயம் உறைத்தது. இவர்கள் இருவரும் நேராகக் கொடுத்து வாங்கிக்கொண்டால் நடுவில் நான் எதற்கு? என் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டு வருகிறேன். அந்த நிமிஷம் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் மடியில் பந்து இருந்தது. அணி இல்லாமல் கேப்டனாக இருப்பதைவிட, அணி இருந்து நான் ஓரத்தில் உட்கார்ந்தாலும் அது ஒரு மாதிரி கௌரவம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனம் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சிக்கல் எங்கள் திடல். அதில் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் எழும்பும் என்று பந்துக்கே தெரியாது. அவ்வளவு கல், அவ்வளவு குழி. அதனால்தான் தரையில் தட்டிக் கொடுக்கும் பழக்கமே எங்களுக்கு இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை நெட்டையையும் குட்டையையும் தனித்தனியாகப் பார்த்து, அவரவர் அப்பா சொன்னதைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி, “அப்பா ஒத்துக்கிச்சா?” என்றார்கள். இருவர் முகத்திலும் வந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் அவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே திடலில் இறங்கினோம். கல் பொறுக்கி, மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திம்மிசுக் கட்டையால் இடித்தோம். நெட்டை ஒரு கோடியில் இடித்துக்கொண்டு வந்தான், குட்டை மறு கோடியில். நெல் அடிக்கும் களம் போட்டுப் பழகிய பையன்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா. கடைசியில் சாணி கரைத்து ஊற்றி மெழுகினார்கள். பி.டி. சார் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏம்ப்பா, இது பேஸ்கட்பால் கோர்ட்டா, பொங்கல் வைக்கப் போறீங்களா?” என்றார். காய்ந்த பிறகு ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தார். பந்து நேரே எழும்பி அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு சாணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நெட்டையும் குட்டையும் தரையில் தட்டிக் கொடுத்துக்கொள்ள ஆரம்பித்ததும் எங்கள் ஆட்டமே மாறிவிட்டது. எதிரில் நிற்பவன் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். பந்து அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் புகுந்து போய்விடும். பேச்சு மட்டும் கிடையாது. பேசாமலே ஒருவன் எங்கே வருவான் என்று மற்றவனுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் ஒரே வாசலில் விளையாடியவர்கள்தானே. பி.டி. சார் பிரின்சிபாலைக் கையோடு கூட்டி வந்து காட்டினார். பிரின்சிபால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “சரி, அனுப்புங்க” என்றார்.

நாங்கள் குதித்துக் கும்மாளம் போட்டு ஓய்ந்த பிறகு பி.டி. சார் என்னிடம் வந்தார். நான் எதிர்பார்த்திருந்த பேச்சுதான்.

“தப்பா நினைக்காதே. கேப்டன் நீதான். ஆனா இப்ப நடுவுல வேகமா ஓடற ஆள் வேணும். பாலக்கோட்டுப் பையனைத்தான் முதல்ல இறக்கப் போறேன். நீ கூடையில பந்து போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே.”

“சரிங்க சார்” என்றேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அத்தா, “என்ன, நம்பர் பிரிஞ்சு போச்சா?” என்று கேட்டார். நம்பர் நன்றாகத்தான் இருந்தது, போட்டுக்கொள்ளும் ஆள்தான் பிரிந்து போயிருந்தான்.

மறுநாளிலிருந்து எல்லோரும் போன பிறகு நான் மட்டும் திடலில் நின்றேன். கூடையைப் பார்த்துப் பந்தை எறிந்தேன். முதலில் வளையத்தில்கூடப் படவில்லை. வத்தல்மலைப் பக்கமிருந்து சாயங்காலம் ஒரு காற்று வரும், அது பந்தைக் கொண்டுபோய் வேலியில் போடும். போய் எடுத்து வருவேன். மறுபடி எறிவேன். தபால்காரன், தபால்காரன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எறிவேன். கோபத்தில் எறிந்தால் பந்து விழாது என்று தெரியவே இரண்டு மூன்று நாள் ஆயிற்று. கோபம் குறைந்ததும் ஒன்றிரண்டு விழ ஆரம்பித்தன. கூடைக்கு இடது பக்கம் ஒரு இடம். அங்கே நின்றால் மட்டும் எனக்குக் கை சொன்னபடி கேட்டது. வேறு எங்கே நின்றாலும் பூஜ்யம்தான். அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சேலத்தில் எங்கள் முதல் ஆட்டமே அதே அணியோடு என்று தெரிந்தபோது பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நீள முடிக் கேப்டன் தூரத்திலிருந்தே எனக்குக் கை காட்டினான். நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்து அவனுக்கு ஆச்சரியம்.

ஆட்டம் தொடங்கியதும் எங்களுக்கு முதல் அடி தரையிலிருந்துதான் விழுந்தது. அங்கே திடல் சிமென்ட். சாணி மெழுகிய மண்ணில் தட்டிப் பழகிய கையால் நெட்டை ஓங்கித் தட்டினான், பந்து குட்டையின் தலைக்கு மேலே பறந்து பார்வையாளர் மடியில் விழுந்தது. அடுத்தது எதிரியின் கையில். பாலக்கோட்டுப் பையன் வேகமாகத்தான் ஓடினான், ஆனால் பதறிப்போய்ப் பந்து இல்லாத பக்கமாக ஓடினான். பி.டி. சார் நகத்தைக் கடித்தார். இடைவேளைக்கு முன்னாலேயே என் பக்கம் திரும்பி, “போ” என்றார்.

உள்ளே போனதும் நீள முடி, “வாங்க, தபால் வந்துடுச்சா?” என்றான். நேரே நெட்டையிடம் போனேன். “சிமென்ட்டுடா இது. ஓங்காத, சும்மா தொட்டு அனுப்பு. தூரமா வெச்சுத் தட்டு” என்றேன். அங்கிருந்து குட்டையிடம் ஓடி அதையே மறுபடி சொன்னேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, “கேட்டுச்சு பாய். ஒருவாட்டி சொன்னா போதும், ரெண்டு பேருக்கும் காது இருக்குது” என்றான். இரண்டு பேரையும் சேர்த்து அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. சேலத்துக்காரர்கள் பழைய நினைப்பில் என்னைச் சுற்றி இரண்டு ஆளை நிறுத்தியிருந்தார்கள். நான் சும்மா இங்கும் அங்கும் ஓடி அந்த இருவரையும் இழுத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பக்கம் நெட்டை தட்ட, குட்டை போட்டான். குட்டை தட்ட, நெட்டை போட்டான். நீள முடிக்கு வாய் அடைத்துப் போயிற்று. இடைவேளைக்குப் பிறகு அவன் தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னான். அத்தோடு நெட்டைக்கு இரண்டு பேர், குட்டைக்கு இரண்டு பேர். எல்லோரும் குனிந்து கையைத் தாழ வைத்துக்கொண்டார்கள். என்னை அப்படியே விட்டுவிட்டார்கள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் சமமாக நின்றது. குட்டையிடம் பந்து. தரை வழி அடைத்துக் கிடந்தது. அவன் என்னைப் பார்த்து எறிந்தான். நான் வாங்கினேன். பழக்கதோஷம், உடனே நெட்டையைத் தேடினேன். அவனைக் காணவே காணோம், அவனைச் சுற்றி அத்தனை கை. திரும்பிக் குட்டையைப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. கொடுக்க ஆளில்லை. என் கால் எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். கூடைக்கு இடது பக்கம்.

“போடு பாய்” என்றது ஒரு குரல். அதே நொடியில் எதிர்ப் பக்கத்திலிருந்தும், “போடு பாய்.”

போட்டேன். பந்து வளையத்தில் பட்டது, ஒரு சுற்றுச் சுற்றி யோசித்தது, உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் சேலத்துக்காரர்கள் பந்தை எடுத்து வருவதற்குள் விசில் ஊதிவிட்டது.

என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நான் தரையில் இல்லை. நெட்டை ஒரு பக்கம், குட்டை ஒரு பக்கம், இருவரும் சேர்ந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். காலில் அடிபட்டவனை வயலிலிருந்து இரண்டு பேர் தூக்கி வருவது போல, கைகளைக் கோர்த்து நாற்காலியாக்கி, அதன்மேல் என்னை உட்காரவைத்துத் திடலைச் சுற்றி ஓடினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விழுந்துவிடுவேனோ என்று பயந்து கீழே குனிந்து பார்த்தேன். நெட்டையின் கை குட்டையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. குட்டையின் கை நெட்டையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் கோயமுத்தூரிலிருந்து வந்த அணி எங்களைக் கோழி உரிப்பது போல உரித்துவிட்டது. அதனால் என்ன. எனக்குப் பசி எடுத்தது, நன்றாகச் சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் நெட்டை டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தான், குட்டை கடைசி சீட்டில். நான் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொப்பூர் மலைக் காற்றில் தூங்கிக்கொண்டே வந்தேன். அத்தா தைத்த பனியனை அன்று இரவு கழற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெட்டையின் அப்பா துணி தைக்கக் கடைக்கு வந்திருந்தார். அளவு கொடுத்துவிட்டு, பட்டன் தைத்துக்கொண்டிருந்த என் பக்கம் வந்து நின்றார். கடையில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“செயிச்சீங்கன்னு சொன்னாங்க. சந்தோசம். பந்து எல்லாம் தரையில பட்டுதானே போச்சு தம்பி?”

“எல்லாம் தரையில பட்டுதானுங்க போச்சு மாமா” என்றேன்.

அவர் கேட்டது பந்தைப் பற்றித்தானே.